காரைக்குடியிலிருந்து போர்னியோ காட்டுக்கு 12 நாள்: டானுமா, கினபாத்தாங்கானா? பெரியவர்களோடு போகத் தோதான வழி சொல்லுங்கள்

கோட்டையூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை நடுவில் 12 நாள் லீவு கிடைத்திருக்கிறது. நான், வீட்டுக்காரர், அப்பச்சி (66), ஆத்தா (61) என்று நாலு பேர் போகிறோம். கோலாலம்பூரில் சித்தப்பா வீடு இருக்கிறது, அங்கே ஒரு ராத்திரி போதும். மிச்ச நாளெல்லாம் போர்னியோத் தீவில் இருக்கும் மலேசியாவின் சபா மாநிலத்துக் காட்டுக்குத்தான். ஒராங்குட்டானை அது வாழும் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்பது அப்பச்சியின் ரொம்ப நாள் ஆசை. யானையும் இருவாச்சியும் கிடைத்தால் இன்னும் சந்தோஷம்.

டிராவல்ஸில் போட்டுக் கொடுத்த பட்டியலில் ஆறு இடம் இருக்கிறது: செப்பிலோக், கோமந்தோங் குகை, கினபாத்தாங்கான் ஆறு, டானும் பள்ளத்தாக்கு, செம்போர்னா தீவுகள், கினபாலு மலை அடிவாரம். எல்லாம் 12 நாளில் ஆகுமா? எதை எடுக்கலாம், எதை விடலாம்?

அப்பச்சிக்கு மூன்று வருஷம் முன்னால் ஸ்டென்ட் வைத்தது. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அட்டை கடித்தால் என்ன ஆகும்? ஆத்தா சுத்த சைவம், முட்டையும் கிடையாது, சாப்பாட்டுக்கு என்ன வழி? கேமராவுக்கு 100-400 லென்ஸ் ஒன்று இருக்கிறது, அது போதுமா?

இருவாச்சி:

தங்கச்சி, அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். ஆறு இடம் போட்டால் 12 நாளில் ஐந்து நாள் வண்டியிலும் விமானத்திலுமே போய்விடும். மழைக்காட்டில் மிருகம் மேடைமேல் நிற்காது. ஒரே இடத்தில் மூன்று ராத்திரியாவது தங்கி, ஒரே பாதையில் காலையும் மாலையும் திரும்பத் திரும்பப் போகிறவர் கண்ணுக்குத்தான் படும். முதல் நாள் மழையில் போகும், இரண்டாம் நாள் கண் பழகும், மூன்றாம் நாள்தான் பலன்.

கினபாலு மலை 4,095 மீட்டர். உச்சிக்குப் போக அனுமதிச் சீட்டு எடுத்து நடுவில் ஒரு ராத்திரி மேலே தங்க வேண்டும். ஏறப் போவதில்லை என்றால் அடிவாரத்துக்காக ஒரு முழு நாள் சாலைப் பயணம் வேண்டாம். செம்போர்னா கடல் பக்கம், உங்கள் ஆசை காடு. அதோடு, கிழக்கு சபாவின் கடலோரத்துக்கும் தீவுகளுக்கும் போக வேண்டாம் என்று சில நாடுகள் தம் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கின்றன. அங்கே போனால் காப்பீடு செல்லுமா என்பதைப் பாலிசியில் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோமந்தோங் குகையில் உழவாரன் கூடுகளைப் பார்க்கலாம். ஆனால் நடைபலகை முழுக்க வௌவால் எச்சம், கரப்பான், வழுக்கல். பெரியவர்களுக்கு வேண்டாம்.

மிஞ்சுவது மூன்று: செப்பிலோக், கினபாத்தாங்கான், டானும். போகும் வரிசையும் இதுவாகவே இருக்கட்டும்.

நாள் 1, 2: திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 4 மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். சித்தப்பா வீட்டில் தங்கி, மறுநாள் சபாவின் சண்டாக்கான் நகரத்துக்கு நேர் விமானம். சபாவுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள், இறங்கியதும் கேட்பார்கள்.

நாள் 3: செப்பிலோக். 1964-இல் தொடங்கிய ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம். காலை 10, மாலை 3 மணிக்கு உணவு வைப்பார்கள். இங்கே பார்ப்பது அநாதையாக வந்து வளர்ந்த குட்டிகள், காட்டு ஒராங்குட்டான் அல்ல. அப்படியும் முதலில் இங்கே போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிளையைப் பிடிக்கும் விதம், உடல் நிறம், நகரும் வேகம் எல்லாம் கண்ணில் பதிந்துவிட்டால், டானுமில் 30 மீட்டர் உயரத்தில் ஒரு செம்பட்டைத் திட்டைக் கண்டதும் அடையாளம் தெரியும். பக்கத்திலேயே சூரியக்கரடி மையமும் இருக்கிறது.

நாள் 4, 5, 6: சண்டாக்கானிலிருந்து சுக்காவ் கிராமம், காரில் இரண்டரை மணி நேரம். கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் ஓடும் ஆறு, சபாவிலேயே நீளமானது. அங்கே ஏன் மிருகம் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். இருபுறமும் செம்பனைத் தோட்டம். நடுவில் ஆற்றை ஒட்டிக் காடு ஒரு நாடாவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. 2005-இல் சரணாலயமாக அறிவித்த பகுதியே ஏறத்தாழ 26,000 ஹெக்டேர், அதுவும் 10 துண்டுகளாக. நெருக்கி விரட்டப்பட்ட உயிர்கள் கரையில் வந்து நிற்கின்றன. போர்னியோவில் உள்ள 8 வகை இருவாச்சியும் இந்த ஆற்றோரத்தில் உண்டு. நீள்மூக்குக் குரங்கு சாயங்காலம் தவறாமல் தண்ணீரோர மரத்துக்குத் தூங்க வரும். அதனால் மாலை 4 மணிப் படகை ஒருநாளும் விடாதீர்கள். இருட்டு சீக்கிரம் வந்துவிடும், ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

யானைக் கூட்டம் ஆற்றோரமாக மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் போகிற வாரம் சுக்காவ் பக்கம் இருக்கிறதா என்று படகோட்டிகளுக்குத்தான் தெரியும். வந்து சேர்ந்த அன்றே கேளுங்கள். இருந்தால் அரை நாள் படகைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். குட்டியோடு நிற்கும் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஓட்டச் சொல்லிப் படகோட்டியை நெருக்காதீர்கள். போர்னியோ யானை மொத்தமே ஓர் ஆயிரம்தான் இருக்கும் என்கிறார்கள். 2024-இல் அதை அழிவை எதிர்நோக்கும் இனமாகத் தனியே பட்டியலில் சேர்த்தார்கள்.

நாள் 7, 8, 9: டானும். சுக்காவிலிருந்து லஹாட் டத்து என்ற ஊர் காரில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து விடுதி வண்டியில் இரண்டரை மணி நேரம், பெரும்பாலும் சரளைக் கல் பாதை. டானும் 438 சதுர கிலோமீட்டர், கோடரி படாத காடு. உலகிலேயே உயரமான வெப்பமண்டல மரம் இங்கேதான் நிற்கிறது, 100.8 மீட்டர், மெராந்தி வகை, அளந்தது 2019-இல். மரங்களின் அடிப்பலகை வேர் ஒவ்வொன்றும் நம் ஊர் முகப்பு வாசல் உயரத்துக்கு மேல் இருக்கும்.

ஒராங்குட்டானுக்கு டானும்தான் நம்பிக்கையான இடம். போய் இறங்கியதும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இப்போ எந்த அத்தி பழுத்திருக்கு?" ஒரு பெரிய அத்தி மரம் பழுத்துவிட்டால் ஒராங்குட்டான், கிப்பன் (வாலில்லாக் குரங்கு), இருவாச்சி எல்லாம் அங்கே வரும். நடந்து தேடுவதைவிட அந்த மரத்தடியில் இரண்டு மணி நேரம் பேசாமல் உட்காருவது மேல். அண்ணாந்து பார்த்தால் இலைக்கூடு தெரியும். இலை பச்சையாக இருந்தால் நேற்றோ இன்றோ கட்டியது, பக்கத்தில்தான் இருக்கும். பழுப்பாக இருந்தால் பழைய கூடு. ஒவ்வொரு ராத்திரிக்கும் அது புதுக் கூடு கட்டிக்கொள்வதால் இந்தக் கணக்குப் பெரும்பாலும் தப்பாது.

நாள் 10, 11, 12: லஹாட் டத்துவிலிருந்து சிறு விமானத்தில் சபாவின் தலைநகர் கோத்தா கினபாலு, அங்கே ஒரு ராத்திரி, பிறகு கோலாலம்பூர், திருச்சி. சிறு விமானம் மழையில் தாமதமாகும். அன்றைக்கே திருச்சி விமானத்தைப் பிடிப்பது போல டிக்கெட் போடாதீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால் தவறவிட்ட விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வளவு:

இருவாச்சி அண்ணன் போட்ட வரிசை சரி. டானும் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் பெரியவர்கள் வருகிறார்கள்.

டானுமில் தங்க இரண்டே வகை இடம். ஒன்று ஆற்றோர மழைக்காட்டு விடுதி: வாடகை அதிகம், வழிகாட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, இரவு வண்டிச் சுற்று எல்லாம் அதில் அடக்கம். பக்கத்திலேயே ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில் மரங்களுக்கிடையே தொங்குபாலம். அதிகம் நடக்க முடியாதவர் அதன் மேடையில் உட்கார்ந்தபடியே இருவாச்சி பார்க்கலாம். இன்னொன்று ஆராய்ச்சி நிலையம்: செலவு குறைவு, அறை எளிமை, வழிகாட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், எங்கேயும் நடந்துதான் போக வேண்டும். அப்பச்சியை வைத்துப் பார்த்தால் காசு கூடினாலும் முதல் வகையே சரி. அதற்காகக் கினபாத்தாங்கானில் செலவைக் குறைத்து, சுக்காவில் ஊர்க்காரர்கள் வீட்டோடு நடத்தும் தங்குமிடத்தில் இருந்துகொள்ளலாம். ஆறு எல்லாருக்கும் ஒரே ஆறு, படகோட்டியும் அதே ஊர்க்காரர்தான்.

இரண்டிலுமே முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளைக்காரர் கூட்டம் அதிகம், ஆறு மாதம் முன்பே அறை தீர்ந்துவிடும். ஆகவே டானும் தேதியை முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்கேற்ப மற்ற நாளை அமையுங்கள். விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அறை கிடைக்காமல் தவிப்பதுதான் பலருக்கும் நடப்பது. லஹாட் டத்துவிலிருந்து வண்டி கிளம்பும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலை வண்டி என்றால் சுக்காவை விடிவதற்குள் விட வேண்டிவரும்.

முழங்கால் வலி யாருக்காவது இருந்தால் டெரமாக்கோட் என்று ஒரு காடு இருக்கிறது. சபா வனத்துறை நடத்துவது, 55,000 ஹெக்டேர். அங்கே திறந்த வண்டியில் ராத்திரி முழுக்கச் சுற்றுவதுதான் வேலை. படைச்சிறுத்தை (மேகத் திட்டுகள் போட்ட காட்டுப் பூனை இனம்) பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கேதான் போவார்கள். ஆனால் பகலில் தூங்கி ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்க வேண்டும், சாப்பாட்டிலிருந்து வண்டி வரை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஸ்டென்ட் வைத்தவரின் முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்போதிருந்தே நடைப் பயிற்சி தொடங்குங்கள். சமதரை நடை போதாது. டானுமில் கஷ்டம் தருவது இறக்கம், அதுவும் ஈரக் களிமண்ணில். குன்றக்குடி மலைப் படியை வாரத்தில் நாலு நாள், வாங்கியிருக்கும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினால் முழங்காலும் பழகும், ஷூவும் பழகும். அப்பச்சி தொடங்குவதற்கு முன்னால் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.

மருந்துப்பெட்டி:

உடம்பு சம்பந்தமான விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அட்டை: அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. சாதாரண ஆளுக்கே ஒரு மணி, இரண்டு மணி நேரம் கசியும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் நீளும். ஆபத்து என்று சொல்ல முடியாது, ஆனால் தயாராக இருக்க வேண்டும். பஞ்சுத் திண்டு, கட்டுத்துணி, அகலமான பிளாஸ்திரி ஆகியவற்றை அப்பச்சியின் தோள்பையிலேயே வையுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்து, மேலே கட்டு. இடையில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அட்டைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

அட்டையை எடுக்கும் முறை: ஒல்லியான முனைதான் வாய். அதன் பக்கத்துத் தோலில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் வாய் விடும். பிறகு தடித்த முனையை விடுவித்துச் சுண்டி எறியுங்கள். உப்பு, சுண்ணாம்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். வேதனையில் குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடும், புண் பழுக்கும்.

மலேரியா: இதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் இல்லை. ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை சபா காடுகளில் இருக்கிறது. மற்ற வகைகள் 48 அல்லது 72 மணிக்கு ஒருமுறை பெருகும், இது 24 மணி நேரத்தில் பெருகிவிடும். நுண்ணோக்கியில் இன்னொரு சாதுவான வகையைப் போலவே தெரியும், விரைவுப் பரிசோதனை அட்டையிலும் தப்பிவிடக் கூடும். எனவே ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் அன்றே போய், "சபா காட்டில் தங்கிவிட்டு வந்தேன், நோலெசி மலேரியா பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் ஊரில் டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

தடுப்பு மாத்திரையை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம் வரை தினமும் 100 மில்லிகிராம். வெறும் வயிற்றில் போடக் கூடாது, போட்டவுடன் படுக்கக் கூடாது, நெஞ்செரிச்சல் கொல்லும். வெயில் பட்டால் தோல் சிவக்கும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பியபின் 7 நாள் போதும், விலை கூடுதல். அப்பச்சியின் ரத்த மாத்திரை எது என்பதைப் பார்த்துத்தான் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். சில மாத்திரையோடு டாக்ஸிசைக்ளின் ஒத்துப்போகாது.

எல்லா மருந்தும் கடைப் பட்டையோடும் சீட்டோடும் இருக்கட்டும், பாதியைக் கைப்பையில் வையுங்கள். மலேசியாவில் போதை மருந்துச் சட்டம் மிகக் கடுமை, டப்பாவில் கொட்டிய பெயரில்லா மாத்திரை வேண்டாத தொல்லை. காப்பீடு எடுக்கும்போது ஸ்டென்ட் வைத்ததை மறைக்காமல் எழுதுங்கள், அவசரமாகக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குகிறதா என்றும் பாருங்கள். டானுமிலிருந்து அருகில் உள்ள ஆஸ்பத்திரி லஹாட் டத்துவில், அதைவிடப் பெரியது சண்டாக்கானில். அந்தச் சரளைப் பாதையைக் கடந்துதான் எதற்கும் போக வேண்டும்.

கோட்டையூர்ப்பொண்ணு:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. செம்போர்னா, குகை, மலை மூன்றையும் எடுத்துவிட்டேன். அட்டைக்குத் தனிக் காலுறை போட வேண்டும் என்கிறார்களே, அதை ஊரிலேயே தைக்கலாமா? வீட்டில் பழைய கண்டாங்கிச் சேலை நிறைய இருக்கிறது, துணி தடிப்பாக இருக்கிறதே என்று ஆத்தா கேட்கிறார்கள்.

ஊசிநூல்:

தைக்கலாம் தங்கச்சி, ஆனால் கண்டாங்கி வேண்டாம். நூல்தான் தடிப்பு, நெசவில் இடைவெளி உண்டு. குட்டி அட்டை பசியோடு வரும்போது நூலிழை அளவுக்கு ஒடுங்கும். கடையில் விற்கும் பின்னல் சாக்ஸும் அதனால்தான் உதவாது, கண்ணி வழியாக நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த பாப்ளின் அல்லது டிரில் துணி வேண்டும். நிறம் வெள்ளை அல்லது வெளிர்நிறம், அட்டை ஏறுவது அப்போதுதான் தெரியும்.

ஒரு ஜோடிக்கு ஒரு மீட்டர் எடுங்கள். பாத நீளத்தைவிட 3 சென்டிமீட்டர் கூடுதல், உயரம் குதிகாலிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, பெரும்பாலோருக்கு 45 சென்டிமீட்டர். ஆங்கில எழுத்து எல் வடிவில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டித் தைப்பதுதான், கணுக்கால் வளைவில் கால் நுழைகிற அளவு தளர்வு விடுங்கள். தையல்தான் முக்கியம்: ஒற்றைத் தையல் போட்டால் ஊசித் துளை வழியாகவே வழி கிடைத்துவிடும். ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். பாதத்துக்கு அடியில் தையல் வராமல் பக்கவாட்டில் வரட்டும், இல்லையென்றால் நடக்க நடக்கக் கொப்புளம் வரும். மேல்வாயில் எலாஸ்டிக் வேண்டாம், நாடா போடுங்கள். எலாஸ்டிக் ஈரத்தில் தளர்ந்து இறங்கிவிடும்.

போடும் வரிசை: முதலில் சாதா சாக்ஸ், பேன்ட் நுனி அதற்குள். அதன்மேல் அட்டைக் காலுறை, நாடாவைச் சுருக்குப் போட்டுக் கட்டி, பிறகு ஷூ. ஷூவை அரை அளவு பெரிதாக வாங்கினால்தான் இத்தனையும் அடங்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், அங்கே ஒரே ராத்திரியில் எதுவும் காயாது.

தரையில் ஊரும் பழுப்பு அட்டையைக் காலுறை தடுக்கும். இலைநுனியில் தொங்கும் வரியட்டை இடுப்பு, கழுத்துப் பக்கம் ஒட்டும். சட்டையைப் பேன்டுக்குள் விடுங்கள், கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஜூலையில் மழை குறைவு என்பதால் அட்டையும் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ஒரு மழை பெய்த மறுகணம் எல்லாம் எழுந்துவிடும்.

வேட்டங்குடி:

கேமரா. ஆற்றுக்கு 100-400 தாராளம். டானுமில் சில நேரம் எட்டாது, அதற்காக இன்னொன்று வாங்க வேண்டாம், நல்ல 8x42 தொலைநோக்கி ஒன்றுக்குச் செலவழியுங்கள். முடிந்தால் நாலு பேருக்கு இரண்டு தொலைநோக்கி இருப்பது நல்லது. ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் இருவாச்சி பறந்துவிடும்.

மரத்து உச்சியில் இருக்கும் ஒராங்குட்டானுக்குப் பின்னால் வெள்ளை வானம் இருக்கும். கேமரா வானத்தை அளந்து மிருகத்தைக் கரிக்கட்டையாக்கிவிடும். கேமராவில் ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 முதல் +2 வரை ஏற்றுங்கள், வானம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, முகம் தெரியும். படகில் ஷட்டர் வேகம் 1/1000-க்குக் கீழே போக வேண்டாம். முக்காலியை வீட்டிலேயே வையுங்கள், எஞ்சின் அதிர்வை அப்படியே லென்ஸுக்கு ஏற்றும். கையில் பிடித்து, முழங்கையை விலாவோடு சேர்த்து எடுப்பதுதான் நிற்கும்.

அதிகம் கெடுவது ஈரத்தால். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும், துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். அதற்குள் விடியற்காலைப் படகு பாதி தூரம் போயிருக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்பு வெளியே வைத்துவிட்டு, பிறகு திறவுங்கள். ராத்திரி காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசி போட்டு வைப்பதில் பலனில்லை, தூசிதான் ஏறும். கொசு மருந்து தடவிய கையால் லென்ஸைத் தொடாதீர்கள், அதிலுள்ள டீட் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

படகில் குடை பிடிக்கக் கூடாது, மிருகம் மிரளும், பின்னால் இருப்பவருக்கும் மறைக்கும். மழைக்கோட்டு எடுங்கள். பளிச்சென்ற விளக்கு போட்டு எடுக்க வேண்டாம். ஒராங்குட்டானிடமிருந்து 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், சளி இருந்தால் முகக்கவசம் போடுங்கள், நம்மிடமிருந்து அதற்குத் தொற்றும்.

வீட்டுக்காரர் பழகிக்கொள்ள நம் பக்கத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்கள் இருக்கின்றன. பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். சீசன் இல்லாத நாளில் போனாலும் கொக்கு, நாரை ஏதாவது இருக்கும். பறப்பதைத் தொடர்ந்து லென்ஸை நகர்த்தும் பழக்கத்தை அங்கேயே கையில் ஏற்றிக்கொள்ளட்டும்.

அடுப்பங்கரை ஆச்சி:

அம்மா, சைவத்துக்கு அங்கே காய்கறி உண்டு, சோறு உண்டு. கெடுப்பது பெலாச்சான், அதாவது இறால் விழுது. கங்கோங் கீரை வதக்கலில், சம்பாலில், சில நேரம் வெறும் காய்கறிப் பிரட்டலிலும் போட்டுவிடுவார்கள். மேலே தூவுவது நெத்திலி. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கறி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும்: "சாயா தா மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், உடாங், தெலூர், பெலாச்சான்." கறி, கோழி, மீன், இறால், முட்டை, இறால் விழுது சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். இதை ஒரு தாளில் மலாயில் எழுதி, முன்பதிவின்போதே அனுப்பிவிட்டு, போன அன்று சமையல்கட்டில் ஒருதரம் காட்டுங்கள். டானும் விடுதிக்கு லஹாட் டத்துவிலிருந்துதான் சாமான் ஏறுகிறது, போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கையில் எடுக்க வேண்டியது: பருப்புப் பொடி 250 கிராம், புளிக்காய்ச்சல் ஒரு சின்னப் பாட்டில், சீப்புச் சீடை, தேன்குழல். புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே நிற்கும், பெட்டிக்குள் கசியும். மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாள் வைத்துத் திருகி, வெளியே டேப் சுற்றி, பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். பலகாரத்தைப் பெரிய டின்னில் கொண்டுபோகாதீர்கள். ஒருதரம் திறந்தால் அந்தக் காற்றுக்கு ராத்திரிக்குள் நமுத்துவிடும். நூறு நூறு கிராமாகக் கட்டி, ஒரு நாளைக்கு ஒன்று பிரியுங்கள். அறையில் சாப்பாட்டைத் திறந்து வைத்தால் எறும்பும் குரங்கும் வரும், சன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எடுத்துப் போகாதீர்கள், அதற்கெல்லாம் தனி அனுமதி வேண்டும். இன்னொன்று, திரும்பும்போதோ போகும்போதோ சிங்கப்பூர் வழியாக மாறுகிறவர்கள் கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடி எதையும் எடுக்கக் கூடாது, அங்கே கசகசா தடை.

கோட்டையூர்ப்பொண்ணு:

ஆச்சி, மலாய் வரியை எழுதி வைத்துக்கொண்டேன். டானும் விடுதிக்கு இன்று மெயில் போட்டாயிற்று, ஜூலை 16 முதல் மூன்று ராத்திரி கேட்டிருக்கிறேன். விசா, பணம் விஷயம் மட்டும் யாராவது சொல்லுங்கள். சுக்காவ் பாதையில் ஆத்தாவுக்கு வாந்தி வரும், அதற்கும்.

இருவாச்சி:

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு, நடப்பு அறிவிப்பு 2026 டிசம்பர் 31 வரை. டிக்கெட் எடுக்கும் நாளில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மின்னணு வருகை அட்டையை, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், ஆத்தா, அப்பச்சிக்கும் தனித்தனியாக. அது இலவசம். காசு கேட்கும் தளம் எல்லாம் போலி.

சுக்காவிலும் டானுமிலும் ஏடிஎம் இருக்கும் என்று எண்ணாதீர்கள். படகோட்டி, வழிகாட்டிக்குக் கொடுக்க வேண்டியதைச் சண்டாக்கானிலேயே சின்ன ரிங்கிட் நோட்டாக எடுத்துவிடுங்கள். பயணத் தொகுப்பாக இங்கே கட்டினால் மூல வரி (டிசிஎஸ்) பிடிப்பார்கள். சான்றிதழை வாங்கி வைத்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அங்கே பிளக் சதுரமான மூன்று கால், சித்தப்பா வீட்டிலிருந்தே இரண்டு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான்.

ஆத்தாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வாந்தி மாத்திரை கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு, பாதி வழியில் போட்டால் பயன் இல்லை. டானும் சரளைப் பாதையில்தான் அதிகம் குலுக்கும், அதற்கு இன்னொரு மாத்திரை கையில் இருக்கட்டும். அப்பச்சிக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை. டானுமில் போன் சிக்னலை நம்பாதீர்கள். சித்தப்பாவிடம் விடுதியின் தொலைபேசி எண்ணையும் திரும்பி வரும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

விடுதியிலிருந்து பதில் வந்ததும் இங்கே போடுங்கள். 16-ஆம் தேதி கிடைக்காவிட்டால் வரிசையைத் திருப்பி, முதலில் டானும், பிறகு ஆறு என்றும் அமைக்கலாம். அப்படியானால் கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கானுக்குப் பதில் கோத்தா கினபாலு டிக்கெட் எடுக்க வேண்டும், அதனால் பதில் வரும் வரை உள்நாட்டு விமானம் எதையும் பதிவு செய்யாதீர்கள்.